கல்வெட்டு மூன்று

எங்கள் திருகோணமலையிற் 'கல்வெட்டு' என்னும் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. கல்லிற் பொறித்த பழஞ்சாசனம் ஒன்று. கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் 'கோணேசர் கல்வெட்டு' மற்றொன்று; அது பெயரளவிற் கல்வெட்டேயன்றி, ஏட்டிலிருந்து அச்சேறிய நூலாகும். மூன்றாவது, ஒருவர் மறைந்த 31ஆம் நாள் உறவினர்க்கும் அயலவர்க்கும் வழங்கப்பெறும் சிறு நினைவு நூல். பிறந்த ஊர், பெற்றார், உடன்பிறந்தார், மக்கள், மருமக்கள் என முறையே கூறி, இறந்த நாளைக் குறிக்கும் திதி வெண்பாவோடு அமைவது அது. முதல் இரண்டையும் அறிஞர் ஆராய்கின்றனர். மூன்றாவதை நாம் கையில் வாங்கி, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அலுமாரியின் மூலையிற் போட்டுவிடுகிறோம். குடிவழி வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர் சிலருடன் பல ஆண்டுகளாகப் பழகியதில், இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி இத்துறைமுகத்து மக்களின் கதை விளங்காது என்பது என் துணிபாயிற்று.

முதலிற் கல்லைப் பார்ப்போம். நிலாவெளியிற் கிடைத்த சாசனம் ஒன்று, கோணமலையிலுள்ள இறைவனுக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைச் சொல்லுகிறது. கந்தளாய்க்கு அணித்தான பாலமோட்டைச் சாசனமோ, முதலாம் விசயபாகு மன்னனின் 42ஆம் ஆட்சியாண்டில், நங்கைசானி என்னும் பார்ப்பனப் பெண் தன் இறந்த கணவனை நினைந்து கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அளித்த தருமத்தைக் கூறுகிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் கைம்பெண்ணாயிருந்த ஒருத்தியின் பெயர் இன்றும் நிற்கிறது. அதே மாவட்டத்தில், நம் பாட்டியின் தாய்க்கு என்ன பெயர் என்று கேட்டால் நம்மிற் பலர் திகைக்கிறோம். 1624ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர் என்பது யாவரும் அறிந்தது. இரட்டைக் கயலும் சிதைந்த தமிழெழுத்துக்களும் கொண்ட கல் ஒன்று இன்றும் அக்கோட்டை வாயிலில் உள்ளது. கோயிற் சுவரை இழந்தாலும் சொல்லை இழக்கவில்லை என்பதற்கு அது சான்று.

இனி ஏடு. கோணேசர் கல்வெட்டு, கோயிற்றொழும்பு இன்னார்க்கு இன்னது என்று வகுக்கும் நூல். தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளைக் குளக்கோட்டு மன்னன் மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வருவித்தான் என்றும், மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனைக் கொணர்ந்தான் என்றும் அது மரபு கூறும். இந்நூலைக் காட்டித் தம் குடிப்பெருமை பேசுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நம் பெருமைக்கு மூலமாகிய அந்நூலே நம் முன்னோர் வேற்றூரிலிருந்து வந்தவர் என்றல்லவா சொல்லுகிறது! கொட்டியாரக் கரையோரத்து வேடர் போன்ற பழங்குடியினரை நீக்கிப் பார்த்தால், இக்குடாவைச் சூழ்ந்து வாழும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் ஆகிய அனைவர் வீட்டுக் கதையும் ஏதோ ஒரு பயணத்திலேதான் தொடங்குகிறது. குடிவழி ஆய்வு தரும் முதற்பாடம் அடக்கமே.

மூன்றாவதாகிய தாட் கல்வெட்டின் ஆற்றலை எனக்கு உணர்த்திய செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை கூடும்போது, ஒவ்வொருவரும் வீட்டிற் கிடைத்த ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டுவருதல் வேண்டும். சாதக ஓலை, துறைமுகத் தொழிலாளியின் நுழைவுச்சீட்டு, மங்கிப்போன திருமணப் படம், எதுவாயினும் ஆகலாம். ஒரு முறை நண்பர் ஒருவர் தம் உறவினர் வீட்டுக் கல்வெட்டு ஒன்றைக் கொணர்ந்தார். மறைந்த பெரியவருக்குச் சகோதரிகள் நால்வர் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அடுத்த மாதம் மூதூரிலிருந்து வந்த இளம் ஆசிரியை ஒருத்தி, தன் பாட்டிக்கு அவருடைய தகப்பனார் எழுதிக் கொடுத்த நன்கொடை உறுதியைக் கொணர்ந்தாள். எங்கள் நாட்டுக் காணி உறுதிகளில் நான்கு எல்லைகளையும் அயற்காணிக்காரர் பெயரால் எழுதுவது வழக்கம். அவ்வுறுதியின் மேற்கெல்லையில் 'மூன்றாம் மகளுக்குக் கொடுத்த காணி' என்றிருந்தது. அம்மூன்றாம் மகளின் பெயரும் தந்தையின் பெயரும் ஊரும் முதல் மாதம் பார்த்த கல்வெட்டிலும் இருந்தன. ஆகவே சகோதரிகள் நால்வர் அல்லர், ஐவர். ஐந்தாமவள் இந்த ஆசிரியையின் பாட்டி. தந்தை காணி எழுதிக் கொடுத்த மகளை, தமையனின் கல்வெட்டு விட்டுவிட்டது.

எங்களுள் மூத்தவர் ஒருவர், "மறைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும், அதைக் கிளறுவது முறையன்று" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறர் வீட்டுப் புண்ணைக் கீறிப் பார்ப்பது ஆராய்ச்சியாகாது. முடிவு செய்யும் உரிமை பேத்திக்கே உரியது என்று அவளிடம் விட்டோம். அவள் உறுதியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குத் தானே போனாள். தொண்ணூறை நெருங்கிய மூதாட்டி, கல்வெட்டுக்குரிய பெரியவரின் மகள், அப்பெயரை வாசிக்கக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "குண்டு விழுந்த ஆண்டு நாங்கள் எல்லோரும் தம்பலகாமத்துக்கு ஓடினோம். சின்ன மாமி எங்களோடு வரவில்லை" என்றாராம். வீட்டார் விரும்பாத ஒருவரை மணந்து, குடாவைக் கடந்து மூதூருக்குப் போனவர் அவர். மறு ஆண்டு அம்மூதாட்டி காலமானார். அவருடைய கல்வெட்டில் தந்தையின் சகோதரிகள் ஐவர் பெயரும் இருந்தன.

'குண்டு விழுந்த ஆண்டு' என்பது 1942. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. எங்கள் முதியோர்க்கு ஆங்கில ஆண்டு நினைவில் நிற்பதில்லை, நிகழ்ச்சி நிற்கும். குண்டுக்கு முன், ஆங்கிலக் கடற்படை தளத்தை ஒப்படைத்துச் சென்ற 1957க்குப் பின், 1964 திசம்பர்ச் சூறாவளிக்கு அடுத்த மழை, 2004 கடற்கோளுக்கு முன் என்று கேட்டால், பிறப்பும் இறப்பும் ஒழுங்காக வந்து நிற்கும். கேட்கத் தெரிந்தவர்க்கு அவர்களே நடமாடும் பதிவேடு.

சிறு பொருள்களும் இவ்வாறே பேசும். ஒல்லாந்தக் கும்பனியின் செப்புக் காசு ஒன்றை ஒருவர் காட்டினார். கும்பனியின் மூன்றெழுத்து முத்திரைக்கு மேல் 'டி' என்னும் எழுத்து இருந்தது. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகியவற்றுக்கு வேறு எழுத்துக்கள் இருக்க, 'டி' திருகோணமலைக்குரியது. இவ்வூர்ப் பெயர் தாங்கிய காசு ஓர் அடுக்களைப் பெட்டியிற் கிடந்திருக்கிறது! 1950ஆம் ஆண்டிற் கிணறு தோண்டியவர்களின் மண்வெட்டியிற் பட்டவையே, 1963ஆம் ஆண்டுக் குடமுழுக்கின்போது கோணேசர் ஆலயத்திற் சேர்ந்த பழைய செப்புத் திருமேனிகள். ஆயினும் ஓர் எச்சரிக்கை: நிலத்தில் தோண்டி எடுக்கும் தொல்பொருள் நமது உடைமை அன்று. 1940ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் காக்கிறது. உரிய திணைக்களத்துக்கு அறிவித்தலே கடன்.

வரலாற்றுணர்வு இவ்வூருக்குப் புதியதன்று. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளை இவ்வூரவர். அறிஞர் கனகசுந்தரம்பிள்ளை அவருடைய உடன்பிறந்தார். 'திருக்கோணாசல வைபவம்' இயற்றிய அகிலேசபிள்ளையும் இம்மண்ணின் மைந்தரே. அயலாரின் ஆர்வத்தையும் இங்கே காணலாம். 1852இற் காலமான கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் எங்கள் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி என்ற ஒரே காரணத்துக்காக அக்கல்லைத் தேடி அந்நியர் வருகின்றனர். நம் வீட்டார் பெயரைத் தேடி நாம் பக்கத்து ஊருக்கேனும் போகலாமன்றோ?

காலம் தாழ்த்த இயலாது. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளின் உறுதிகளையும் படங்களையும் கொண்டுபோயின. எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை 2004 திசம்பர் 26 அன்று கடல் கொண்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, ஒரே படியாக இருந்தது அழிந்தால் மீளாது என்பதைக் கண்ணீரோடு கற்றோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் மின்வடிவிற் காத்து வருகிறது. நினைவு மலர்களுக்கும் அங்கே இடமுண்டு. அரசாங்கப் பதிவேடுகளோ 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தொடங்குகின்றன. அதற்கு முற்பட்ட பெயர்களுக்கு ஓலையும் உறுதியும் முதியோர் வாய்மொழியுமே கதி.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தவரிடம் நான்கு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும். சொன்னவர் யார், எந்நாளிற் சொன்னார் என்பதையும் குறிக்கட்டும். கேட்ட பெயர்களைச் சாதி பேசுவதற்கு வகுப்பறையிற் பயன்படுத்தலாகாது என்பதை முதலிலேயே அறிவுறுத்துங்கள். தந்தை வழியோடு நின்றுவிடாமல், தாயின் தாய், அவளுடைய தாய், அவர்கள் பிறந்த ஊர் என்று பெண்வழியையும் கேட்கச் செய்யுங்கள். மணமாகிப் போன பெண்ணின் பெயரே முதலில் மறக்கப்படுவது. அடுத்து யார் வீட்டிலேனும் 31ஆம் நாட் கல்வெட்டு அச்சுக்குப் போகுமாயின், அதற்குமுன் வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "யாருடைய பெயராவது விடுபட்டதா?" என்று கேளுங்கள். கல்லில் எழுதும் வசதி நம்மிற் பலர்க்கு இல்லை. தாளில் எழுதுவதையேனும் முழுமையாக எழுதுவோம்.