தார்ச்சாலையும் வெப்பமும்

சித்திரை மாதத்து நண்பகலில் தார்ச்சாலையின்மேல் வெறுங்காலோடு நடக்க நேர்ந்தவர்க்கு, அதன் வெப்பம் எத்தகையதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காற்றின் வெப்பம் செண்டிகிரேட் அளவில் 40 டிகிரியாயிருக்குங்கால், கருநிறச் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியையும் கடந்துவிடும். நம் காலைச் சுடும் அச்சாலை தானும் அவ்வமயம் துன்புறுகின்றது என்பதை நினைப்போர் சிலரே.

நாம் தார் என்று வழங்குவது உண்மையில் தாரன்று. தார் நிலக்கரியினின்று வடிப்பது. இக்காலத்துச் சாலைகளிற் பெய்வதோ, பெட்ரோல், மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பிரித்தெடுத்தபின் கச்சா எண்ணெயில் எஞ்சி நிற்கும் கீல். சாலைக் கலவையின் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கே இக்கீல். மற்றதெல்லாம் ஜல்லியும் மணலும் கற்பொடியுமாம். எனினும் கற்களையெல்லாம் ஒன்றாய்ப் பிணைப்பது அச்சிறு பங்கே. அது வெப்பத்தில் இளகும். குளிரில் இறுகி நொறுங்குந் தன்மையடையும். மிக இளகினாற் பாரவண்டிகளின் சக்கரத்தடம் பள்ளமாய்ப் பதியும். மிக இறுகினாலோ குறுக்கே வெடிப்புக் காணும். அதன்வழி மழைநீர் இறங்கி அடித்தளத்தைக் குலைக்கும். ஆகவே, ஒவ்வோரிடத்தின் தட்பவெப்பத்திற்கும் ஏற்ற கீலைத் தெரிந்தெடுத்தல் இன்றியமையாததாகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1987 முதல் 1993 வரை இதுபற்றிப் பெரியதோர் ஆராய்ச்சி நடைபெற்றது. அதன் பயனாகக் கீலுக்குப் பெயரிடும் புதிய முறையொன்று தோன்றிற்று. 64-22 என ஒன்றற்குப் பெயரிருக்குமாயின், சாலையின் வெப்பம் 64 டிகிரி வரை உயரினும், உறைநிலைக்குக் கீழே 22 டிகிரி வரை தாழினும் அது தாங்கும் என்பது பொருள். அடுத்த வகை 70, அதற்கடுத்தது 76, இவ்வாறு 6 டிகிரிக்கு ஒரு படி. பெயரைக் கேட்டவுடனே குணமும் விளங்குவதால், இதனினுந் தெளிவான முறை அரிதென்றே எமக்குத் தோன்றுகின்றது.

ஆயின் இம்முறையில் நுட்பமானதோர் இடர் உண்டு. இன்ன இடத்திற்கு இன்ன கீல் என்று தீர்மானிப்பவர் பார்ப்பது சென்ற காலத்து வெப்பக் கணக்கையே; சாலையோ வருங்காலத்து வெயிலிற் கிடக்கப்போவது. 2017-இல் 'நேச்சர் க்ளைமேட் சேஞ்ச்' என்னும் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இதனை வெளிப்படுத்திற்று. அந்நாட்டில் 799 இடங்களை ஆராய்ந்தோர், முந்திய இருபது ஆண்டுகளில் அவற்றுள் நூற்றுக்கு 35 இடங்களிற் பொருத்தமற்ற கீல் தெரிந்தெடுக்கப்பட்டதாகக் கண்டனர். கணக்கிட்டோர் பிழை செய்தாரல்லர். அவர் நம்பிய வானிலையே நிலைபெயர்ந்துவிட்டது. உலக வெப்பம் மிதமாகவே உயரினும், 2040-க்குள் இதனாலாகும் அதிகச் செலவு ஏறக்குறைய 1,900 கோடி டாலர் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர்.

இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. 2015 மே மாதத்தில் தில்லி நகரில் சாலை இளகி, நடப்போர் கடக்கும் வெண்கோடுகள் வளைந்து நெளிந்து கிடந்த படத்தைப் பத்திரிகைகளிற் கண்டோம்.

இன்னும் இறுகிய கீலை எங்கும் இட்டுவிட்டாலென்ன என்று கேட்கலாம். 76 போன்ற உயர்ந்த வகைகளைப் பெரும்பாலும் ரப்பர் போன்ற பொருள்களைக் கலந்தே ஆக்குவதால் விலை ஏறும். கலவாது வெறுமனே இறுக்கினாலோ, குளிர்ந்த இரவுகளில் வெடிப்புக் காணும். நம் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கண்ட வழி வேறு. அவர் சூடேற்றிய ஜல்லியின்மேற் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசியபின் கீலைச் சேர்த்தார். கல்லுக்கும் கீலுக்கும் இடையே நீர் புகுவதை அப்பூச்சுத் தடுக்கின்றது.