சொபா பிசையும் கை, சேவை பிழியும் கை

ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோயிலையும் கோட்டையையும் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒரு அரை நாளை மாவு பிசையவும் ஒதுக்குகிறார்கள். சொபா என்ற நூடுல்ஸைத் தாங்களே பிசைந்து, தேய்த்து, வெட்டி, வேகவைத்துச் சாப்பிடும் பயிற்சி அது. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் நாகானோ வந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் மலையேறினால் தொகாகுஷி, சொபாவுக்குப் பேர்போன ஊர். சொபாவுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. வருகிறவர்கள் அங்கேயே மாவில் கைவைக்கலாம்.

சொபாவின் மாவு பக்வீட். கோதுமைக்கும் அதற்கும் உறவில்லை, அது புல்லினமே அல்ல. கருத்த, முக்கோண வடிவ விதை. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குப் பூரி சுடும் குட்டு மாவும் இதுதான். குளிர்ந்த மலையில், சத்துக் குறைந்த மண்ணிலும் விளைந்து, இரண்டரை மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். நெல்லுக்கு வழியில்லாத மலைக்கிராமங்களின் வயிற்றை நிரப்பியது இந்தப் பயிர். நாகானோவின் கிசோ பள்ளத்தாக்கில் ஜோஷோஜி என்ற கோயில் இருக்கிறது. அங்கே திருப்பணி நடந்தபோது வெட்டிய சொபாவை விருந்தாகக் கொடுத்த செய்தி 1574ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் வருகிறது.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர் கடைகளில் மாஸ்டர் வீசும் பரோட்டா மாவு கிழியாமல் துணிபோல் விரிகிறது. மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் செய்யும் வேலை அது. பக்வீட்டில் குளூட்டன் கிடையாது, அரிசியிலும் கிடையாது. இழுத்தால் அறுந்துபோகும் இப்படிப்பட்ட மாவை இழையாக்குவது எப்படி?

தென்காசிப் பக்கம், கடையத்து வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து நைஸாக அரைத்து, கெட்டியாகக் கிளறி, கொழுக்கட்டையாக உருட்டி ஆவியில் வேகவைக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் சேவை நாழியில் போட்டுப் பிழிந்துவிட வேண்டும். வெந்த மாவின் பசைதான் இழையை அறுபடாமல் காக்கிறது. மாவு ஆறிவிட்டால் நாழியின் கைப்பிடி லேசில் அசையாது. ஒருவர் நாழியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூச்சைப் பிடித்துத் திருக வேண்டியிருக்கும்.

ஜப்பானியர் பச்சை மாவையே பிசைந்து கத்தியால் வெட்டும் வழியைப் பிடித்தார்கள். துணைக்குக் கொஞ்சம் கோதுமை மாவு: எட்டுப் பங்கு பக்வீட், இரண்டு பங்கு கோதுமை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு இந்தக் கலவைதான் தோது. 400 கிராம் பக்வீட், 100 கிராம் கோதுமை மாவு என்றால் தண்ணீர் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும். அகன்ற பாத்திரத்தில் மாவைச் சலித்துக் கொட்டி, தண்ணீரை இரண்டு மூன்று தடவையாகத் தெளிக்கிறார்கள். உள்ளங்கை படக்கூடாது. விரல் நுனிகளை மட்டும் வட்டமாகச் சுழற்ற வேண்டும். புட்டு மாவின் பதத்தில் தொடங்கி, பட்டாணி அளவு உருண்டைகள் திரளும்போதுதான் அழுத்திப் பிசையும் வேலை வருகிறது. தண்ணீர் ஒரு கரண்டி கூடினால் மாவு பலகையில் ஒட்டும், குறைந்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தும் அளவு மாறும்.

பாத்திரத்துக்கு மூன்று வருஷம், தேய்ப்பதற்கு மூன்று மாதம், கத்திக்கு மூன்று நாள் என்பது சொபாக்காரர்களின் பேச்சு. வருகிறவர்கள் கத்தியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் கத்திக்கு வழிகாட்ட ஒரு சின்னப் பலகை உண்டு. தேய்த்து மடித்த மாவின்மேல் அதை வைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை லேசாகச் சாய்த்தால் பலகை மயிரிழை நகரும், அடுத்த வெட்டுக்கு இடம் கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர் மாவில் 23 இழை என்பது தேர்ந்தவர்களின் பழைய கணக்கு. ஓர் இழை 1.3 மில்லிமீட்டர். முதல்முறை வெட்டுகிறவர்களின் இழைகள் ஒன்று நூலாகவும் ஒன்று நாடாவாகவும் வரும். அப்படியேதான் தட்டிலும் பரிமாறுவார்கள்.

கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் போல வேகவிட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, மூங்கில் தட்டில் வைக்கிறார்கள். தொகாகுஷியில் ஒரே குவியலாகக் கொட்டாமல் சின்னச் சின்னப் பிடிகளாக அடுக்குவது வழக்கம். வெந்த தண்ணீரையும் கொட்டுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் தொட்டுக்கொண்டது போக மிச்சமுள்ள சாற்றில் அதைக் கலந்து சூடாகக் குடிக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. தொட்டுக்கொள்ளும் சாறு பெரும்பாலும் உலர்த்திய மீனைக் கொதிக்கவைத்து எடுப்பது. சைவக்காரர்கள் கடற்பாசியிலோ காளானிலோ செய்த சாறு கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். அடுத்தது அலர்ஜி. பக்வீட் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது. உணவுப் பொட்டலங்களில் அது இருப்பதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று ஜப்பானில் சட்டமே உண்டு. பயிற்சிக் கூடத்தில் மாவு காற்றிலும் பறக்கும் என்பதால் சந்தேகம் உள்ளவர்கள் உள்ளே போகாமல் இருப்பதே நல்லது.

இப்படியொரு பயிற்சியை நம் ஊரிலும் நடத்தலாம். குற்றாலத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிற கூட்டம் அருவியில் குளித்து, பரோட்டா சாப்பிட்டு, சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையிலேயே கடையம் இருக்கிறது. அங்கே சேவை பிழியச் சொல்லிக்கொடுக்கப் பெரிய கூடமெல்லாம் வேண்டாம். நாழி இரண்டு, இட்லிக் கொப்பரை ஒன்று, பதம் தெரிந்த பெண்கள் இருவர் இருந்தால் நடத்திவிடலாம். அவர்கள் கைக்கும் உரிய கூலி கிடைக்கும். அரிசி மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும். காலையில் ஊறப்போட்டால், வருகிறவர்கள் அருவிக்குப் போய்வந்து, தாங்களே பிழிந்த தேங்காய்ச் சேவையையும் எலுமிச்சைச் சேவையையும் மோர்க்குழம்போடு மதியம் சாப்பிடலாம்.