பூவுக்கும் தாகம் உண்டு!

சம்பளம் போட்ட வாரம் பட்டணத்துக்குப் போகிறீர்கள். அரிசி, மீன், பிள்ளைக்குப் பள்ளிக் காலணி எல்லாம் வாங்கியாகிவிட்டது. பசாரின் ஓரத்தில் வாளி வாளியாகப் பூ நிற்கிறது. மஞ்சள், வெள்ளை, ஊதா. கண் ஒரு கணம் அங்கே போகிறது. உடனே மனம் கணக்குப் போடுகிறது. "மூன்று நாளில் குப்பைக்குப் போகிற சாமானுக்குக் காசா?" நடையைக் கட்டிவிடுகிறீர்கள். உண்மைதானே?

உங்களைக் குறை சொல்லவில்லை, தாய்மார்களே! நம் வீடுகளில் பூவுக்கென்று சில இடங்கள் உண்டு. சாமி படம், பெண்களின் கூந்தல், கல்யாணப் பந்தல், கடைசி ஊர்வலம். சும்மா பார்த்து மகிழச் சாப்பாட்டு மேசையில் பூ வைப்பது துரை பங்களாப் பழக்கம் என்று ஒதுக்கிவிட்டோம். தோட்டத்தில் இருந்தவரை அது பெரிய நஷ்டமில்லை. லயத்து வாசலிலேயே நந்தியாவட்டை, மல்லிகை, கனகாம்பரம் என்று பூத்துக் கிடந்தன. இன்றோ நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அடுக்குமாடியில் நாலாவது மாடி, எட்டாவது மாடி என்று குடியிருக்கின்றன. அங்கே செடி வைக்க மண் ஏது?

என் அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் அடுக்குமாடிக்கு வந்த பிறகு, வெள்ளிக்கிழமை பூஜைக்கு நாலு பூ வேண்டுமென்று கீழே இறங்கி யார் வீட்டு வேலியோரத்திலாவது நிற்பார். "கேட்டுத்தான் பறிச்சேன்" என்பார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பசாரில் ஆர்க்கிட் ஒரு கட்டு வாங்கிவந்து, சாமி மேடையில் வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அத்தனையும் துவண்டு கிடந்தது. "காசைக் கரியாக்கிட்டியே!" என்றார் அம்மா. தவறு கடைக்காரருடையது அல்ல, என்னுடையதுதான். அது என்ன தவறென்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வெட்டிய பூ செத்த பூ அல்ல. வேரை இழந்தாலும் தண்டு வழியே தண்ணீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வழி அடைபட்டால் வாடிவிடும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் வெட்டிய கோட்டில் சில மணி நேரத்தில் பால் ஏன் நின்றுவிடுகிறது? மரத்தில் பால் தீர்ந்துவிட்டதா? இல்லை. வெட்டுவாயில் பால் உறைந்து குழாய்களை அடைத்துவிடுகிறது. மறுமுறை மெல்லிய சீவல் ஒன்று எடுத்தால் மங்கில் மறுபடியும் பால் இறங்குகிறது. பூந்தண்டும் அப்படித்தான். வெட்டிய வாயில் காற்றுக் குமிழ் புகும். தண்ணீரில் பெருகும் கிருமிகள் வழுவழுவென்று படிந்து அடைக்கும். வீட்டுக்கு வந்ததும் அடித்தண்டில் ஓர் அங்குலம் சாய்வாகச் சீவி எறிந்தால் வழி திறந்துவிடும். தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டே சீவினால் இன்னும் நல்லது, காற்றுப் புகாது. கத்தி கூராக இருக்கவேண்டும். மொண்ணைக் கத்திரிக்கோல் தண்டை நசுக்கிவிடும். மொண்ணைக் கத்தியோடு வெட்டுக்குப் போய், மரத்தைக் காயப்படுத்தி, மண்டோரிடம் ஏச்சு வாங்கியவர்களுக்கு இது புரியும்!

விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரத்தடியில் நின்றது எதற்காக? அந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், பாலும் குறையும். ஆகவே வாசலில் செடி உள்ளவர்கள் பூவை விடியற்காலையில் பறியுங்கள். கடையில் வாங்குகிறவர்களும் காலையிலேயே வாங்குங்கள். பகல் முழுவதும் தார்ச்சாலைச் சூட்டில் நின்ற கட்டு, மாலையில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் மலிவல்ல.

சரி, என் ஆர்க்கிட் ஏன் செத்தது? வாழைப்பழம்தான் காரணம். பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிவருகிறது. கண்ணுக்குத் தெரியாது. பூவுக்கு அது வயதை ஏற்றிவிடும். பால் கூடுதலாக வடியட்டும் என்று மரப்பட்டையில் மருந்து தடவுவார்களே, அந்த எத்திபான் மருந்தும் பட்டைக்குள் போய் இதே வாயுவைத்தான் விடுகிறது. மரத்தில் பாலைப் பெருக்குவது பூவை வாட்டுகிறது, பாருங்கள்! ஆர்க்கிட், கார்னேஷன் போன்றவை இதைத் தாங்கா. சாமந்தி நன்றாகவே தாங்கும். அதற்காகச் சாமிக்குப் பழம் படைக்கவேண்டாம் என்று சொல்வேனா? பூஜை முடிந்ததும் பழத்தை எடுத்து அடுப்படியில் வையுங்கள், அவ்வளவுதான்.

இனி வாங்கும் விஷயம். பசாரில் 'கெக்வா' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சாமந்தி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து இறங்கி வருகிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று. இரவில் அந்தப் பக்கம் போனவர்கள் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாக விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். திருவிழா இல்லை. இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். அதனால் செடி வளரும்வரை விளக்குப் போட்டு இரவைச் சுருக்கி ஏமாற்றுகிறார்கள். தண்டு வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள், செடி பூக்கத் தொடங்கும். இத்தனை பாடுபட்டு வந்த பூவை வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள்! சாமந்தியில் இலைதான் முதலில் மஞ்சளாகும். பூவின் நடுப்பகுதி இறுக்கமாக இருக்கவேண்டும். தண்டின் அடியைத் தொட்டால் வழுவழுவென்று இருந்தாலோ, வாளித் தண்ணீர் நாறினாலோ வேறு கடைக்குப் போங்கள்.

ரோஜாவை இதழின் அடியில் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதிது, மெத்தென்றால் பழசு. ஆர்க்கிட் நம் சமவெளி வெயிலில் வளர்வது, சூட்டுக்குப் பழகியது. அதைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் அதற்கு ஆகாது. மல்லிகைச் சரம் வேறு. ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் வாசம் இருக்கும். செம்பருத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். 1960-இல் நம் தேசிய மலரான அது, தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு நாள் பூதான்.

இன்னொரு சூட்சுமம். சீனர்கள் தங்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பூ வைத்து வணங்குகிறார்கள். நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்கள் அவை. அதற்கு முதல் நாள் கடைகளுக்குப் புதுப் பூ வரும். விலை சற்றுக் கூடினாலும் சரக்கு புதிது. ஆனால் சீனத் தோழி வீட்டுக்குப் பிறந்தநாள் என்று வெள்ளைச் சாமந்தியோ மஞ்சள் சாமந்தியோ கொண்டுபோய் நிற்காதீர்கள். அவர்கள் வழக்கத்தில் அது இழவு வீட்டுப் பூ.

வீட்டில் பூச்சாடி இல்லையா? காலி ஜாம் போத்தல் போதும். சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் அமிழும் இலைகளையெல்லாம் உருவி எறிந்துவிடுங்கள். அவைதான் முதலில் அழுகும். மின்விசிறிக் காற்றுக்கு நேராக வைக்காதீர்கள். கடையில் தரும் பூ மருந்துப் பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். 1 லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி சீனி, 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி துணி வெளுக்கும் திரவம். சீனி பூவுக்கு உணவு, சாறு தண்ணீர் ஏற உதவும், வெளுப்புத் திரவம் கிருமியைக் கொல்லும். சீனியை மட்டும் போட்டால் கிருமிக்குத்தான் விருந்து! வெளுப்புத் திரவத்தையும் சாற்றையும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். எல்லாம் தண்ணீரில்தான் கரையவேண்டும், குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது. இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் தினமும் தண்ணீரை மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்டைச் சீவிவிடுங்கள். நல்ல சாமந்தி ஒரு வாரம் தாராளமாக நிற்கும்.

தண்ணீர் மாற்றுவது பூவுக்காக மட்டுமல்ல. பூச்சாடித் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த தொட்டில். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் தீராது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். டிங்கி வந்த வீட்டாருக்கு அதன் வேதனை தெரியும். கொசு பெருகவிட்ட வீட்டுக்கு அபராதம் விதிக்க, 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டமும் இருக்கிறது. சாமி மேடைப் பூச்சாடி என்று அதற்கு விலக்கு இல்லை!

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கட்டைப் பிரித்துப் பாதி சாமிக்கு, பாதி சாப்பாட்டு மேசைக்கு. வாரம் போகப் போகத் தண்டைச் சீவிச் சீவிக் குட்டையாகிவிடும். கடைசியில் ஒரு தேநீர்க் கோப்பையில் இரண்டே பூ நிற்கும். பசாருக்கு அம்மாவே பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். இலையைப் புரட்டிப் பார்த்துக் கடைக்காரரோடு பேரம் பேசுகிறார். வீட்டுக்கு வந்து தண்டு சீவும்போது நான் கத்தியைக் கேட்டால் தருவதில்லை.

"தள்ளு, உனக்கு வெட்டத் தெரியாது" என்கிறார்.