மெகலோடன் இல்லை, தேவாங்கு இருக்கிறது

ஹட்டனிலிருந்து கடலைப் பார்க்க மலையிறங்கி வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் லயத்து வாசலில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்டால் மெகலோடன் என்ற ராட்சதச் சுறாவைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லும். ஆழ்கடல் இருட்டுக்குள் அது இன்னும் உயிரோடு திரிகிறது, மாலுமிகள் கண்டிருக்கிறார்கள், விஞ்ஞானிகள்தான் மறைக்கிறார்கள் என்று எத்தனையோ வீடியோக்கள். 2013-ல் அமெரிக்காவில் பெயர்பெற்ற தொலைக்காட்சி ஒன்று இதையே ஆவணப்படம் போல ஒளிபரப்பியது. அதில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். வீடியோ பொய்யாக இருக்கலாம், பிள்ளையின் கேள்வி நியாயமானது. கடலடித் தரையில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இன்றுவரை துல்லியமாக வரைபடமாகியிருக்கிறது. பார்க்காத இடத்தில் இல்லை என்று எப்படி அடித்துச் சொல்வது? இதற்குப் பதில் தேட மலையகத்தான் கடலுக்குப் போக வேண்டியதில்லை. அழிந்துபோனதாக எழுதி முடித்துவிட்ட உயிர்கள் மெய்யாகவே திரும்பிவந்த காடு நம் தேயிலை மலைகளுக்கு மேலே நிற்கிறது.

ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கை எடுத்துக்கொள்வோம். 1937-ல் முதலில் பதிவான இந்த விலங்கு அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் உறுதியாகப் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2002-ல் இரவில் விளக்கு வெளிச்சத்தில் கண்கள் மின்னி மறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். லண்டன் விலங்கியல் சங்கத்தையும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த குழு எடுத்த முதல் புகைப்படங்கள் வெளிவந்தது 2010-ல். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்: பாசி படர்ந்த கிளையை இறுகப் பற்றிய கைகள், குளிருக்கு ஏற்ற அடர்ந்த ரோமம், முகத்தையே நிறைக்கும் உருண்டைக் கண்கள். முழு உடம்பும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். இன்னொன்று, 1853-ல் கெலார்ட் என்ற மருத்துவர் விவரித்த நட்சத்திரப் புள்ளித் தவளை. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2009-ல் மெண்டிஸ் விக்ரமசிங்க குழுவினர் சிவனொளிபாத மலைக் காட்டில் அதைக் கண்டெடுத்தார்கள். அதே காட்டின் ஓடையொன்றில் அதே ஆண்டில், 1876-க்குப் பிறகு காணாமல்போய் அழிந்ததாகவே உலகப் பட்டியலில் ஏறிவிட்ட கண்டிக் குள்ளத் தேரையும் கிடைத்தது. பின்னால் வந்த ஆய்வு இன்னும் ஒன்றைச் சொன்னது: 1998-ல் புதிய இனம் என்று வேறு பெயரில் விவரிக்கப்பட்ட தேரையும் இதுவும் ஒன்றேதான். காணாமல்போனதாகச் சொன்ன காலத்திலேயே அது வேறு பெயரில் கண்முன் இருந்திருக்கிறது.

மெகலோடன் கட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் வெல்லம் போல இனிக்கும். மலைக்காட்டிலேயே இத்தனை ஒளிந்திருந்தால் மாகடலில் எத்தனை ஒளிந்திருக்கும் என்பார்கள். ஆனால் ஒளிந்திருந்தவை எவை என்று பார்க்க வேண்டும். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியவை, அல்லது அதைவிடச் சற்றே பெரியவை. பெரும்பாலும் இரவில் நடமாடுபவை, சத்தமின்றி மெல்ல நகர்பவை, ஒரு சரிவிலோ ஓடைக்கரையிலோ முடங்கிக் கிடப்பவை. இதே மலையில் வாழும் பெரிய விலங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டத்து மக்கள் புலி என்று சொல்லும் சிறுத்தையும் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும், மனிதர் கண்ணில் படாமல் நழுவுவதில் அதற்கு இணை கிடையாது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அதை நேருக்கு நேர் பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் நிறைய. ஆனால் அது இருக்கிறதா என்று அங்கே யாரும் சந்தேகப்பட்டதில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பாதையில் ஈரமண்ணில் பதிந்த காலடி, மரத்தில் நகக்கீறல், இரவோடு காணாமல்போன நாய், ரோமம் கலந்த எச்சம். பெரிய உடம்பு தன்னை மறைத்துக்கொள்ளலாம், தான் தின்றதையும் விட்டுச்சென்றதையும் மறைக்க முடியாது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு கல்லின் மேல்தான் நிற்கிறது.

அந்தக் கண்ணோடு கடலுக்கு வருவோம். மெகலோடன் பதினைந்து மீட்டருக்கு மேல் வளர்ந்த சுறா, பெரிய பல் 18 சென்டிமீட்டர் வரை இருக்கும். விரித்த கையளவு முக்கோணம், ஓரமெங்கும் அரம் போன்ற நுண்பற்கள். சுறாக்கள் வாழ்நாள் முழுக்கப் பல்லை உதிர்த்துக்கொண்டே இருப்பவை. ஒரு சுறா ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். மெகலோடன் பற்கள் உலகின் பல கரைகளில் பாறைப் படிவுகளிலிருந்து ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்தப் படிவுகளின் வரிசை சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நின்றுவிடுகிறது என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றும் அது உயிரோடு இருந்தால் கல்லாகாத புதுப் பல் ஒன்றாவது இழுவை வலையில் வந்திருக்க வேண்டும், வெட்டுப்பட்ட திமிங்கிலம் ஒன்றாவது கரையொதுங்கியிருக்க வேண்டும். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1870-களில் கடலடியிலிருந்து எடுத்த பற்களைக் காட்டி, அவற்றின் மேல் படிந்த மாங்கனீசுப் பூச்சின் தடிப்பை அளந்து, ஒன்றுக்கு 24,000 ஆண்டும் மற்றொன்றுக்கு 11,000 ஆண்டும் வயது சொன்னார் ஓர் ஆய்வாளர். 1959-ல் வந்த அந்தக் கணக்குதான் இன்றைய வீடியோக்களுக்கெல்லாம் மூலம். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை, சில இடங்களில் படிவதே நின்றுவிடும். அந்தத் தடிப்பை வைத்து வயது சொல்வது சுவரில் ஏறிய பாசியை அளந்து லயம் கட்டிய ஆண்டைச் சொல்வது போலாகும்.

பட்டினி இன்னும் பெரிய சாட்சி. மெகலோடன் வெதுவெதுப்பான கடல்களில், கரைக்குப் பக்கத்தில், திமிங்கிலங்களைத் தின்று வாழ்ந்தது. பதினாறு மீட்டர் சுறாவுக்கு ஒரு நாளைக்கு 98,000 கிலோ கலோரிக்கு மேல் தேவைப்பட்டிருக்கும் என்று 2022-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆழ்கடலின் அடியிலோ நீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கிறது. மேலே வெயிலில் விளைவதில் சொற்பமே செத்த துகள்களாகக் கீழே வந்து சேரும். அந்தத் தரித்திரத்தில் அவ்வளவு பெரிய வயிறு பிழைக்காது. ஊர்வன இனத்துக் கடல் அரக்கர்களான பிளீசியோசோர், மோசசோர் கதை அதைவிட எளிது. அவை நுரையீரலால் மூச்சு விட்டவை, மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய் இரை தேடும் எண்ணெய்த் திமிங்கிலம்கூட மூச்சு விட மேலே வரும்போது திருகோணமலைக் கடலில் படகிலிருந்து பார்க்கக் கிடைக்கிறது. மோசசோர் மட்டும் 6.6 கோடி ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாமல் மூச்சுவிட்டிருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சி சீலாகாந்து மீன். டைனோசர்களோடு முடிந்துபோனதாக நினைத்த அந்த மீன் வகை 1938 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு இழுவைப் படகில் வந்து சேர்ந்தது. மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற அருங்காட்சியகப் பெண் அதன் நீலத் துடுப்பைக் கண்டு விடாமல் காப்பாற்றி வைத்தார். மகத்தான கண்டுபிடிப்பு, ஐயமில்லை. ஆனால் அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் மீன், வாழ்ந்த இடம் பாதாளமல்ல, இருநூறு மீட்டர் அளவிலான பாறைக் குகைகள். கொமொரோ தீவு மீனவர்கள் அதைத் தூண்டிலில் பிடித்து கொம்பெஸ்ஸா என்று பெயரும் வைத்திருந்தார்கள். நம் குள்ளத் தேரையைப் போல அதுவும் வேறு பெயரில் கண்முன் இருந்தது; தெரியாமல் இருந்தது விஞ்ஞானத்துக்கு மட்டுமே. 1976-ல் ஹவாய்க்கு அருகே கிடைத்த பெருவாய்ச் சுறாவையும் சொல்வார்கள். நாலரை மீட்டர் சுறா அதுவரை தெரியாமல் இருந்தது உண்மைதான். நுண்ணிய இரையை வடிகட்டித் தின்னும் மந்தமான பிராணி அது. ஒருமுறை அடையாளம் தெரிந்த பிறகு இருநூறுக்கும் மேற்பட்டவை பதிவாகிவிட்டன. ராட்சதக் கணவாயை அதன் கடலிலேயே உயிரோடு படமெடுத்தது 2004-ல்தான். ஆனால் கரையொதுங்கிய உடல்களாலும் திமிங்கில வயிற்றில் கிடந்த அலகுகளாலும் அது இருப்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

ஒரு விமானத்தையே இந்துமாக்கடல் விழுங்கிவிட்டதே என்று கேட்கலாம். 2014 மார்ச்சில் காணாமல்போன மலேசிய விமானத்தின் உடல் இன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பதினாறு மாதத்தில் அதன் இறக்கைத் துண்டு ரீயூனியன் தீவுக் கரையில் ஒதுங்கியது. ஒரேயொரு விமானத்தின் துண்டைக்கூடக் கடல் திருப்பித் தந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிறந்து செத்துக்கொண்டிருக்கும் ஒரு சுறாக் கூட்டத்திடமிருந்து ஒரு புதுப் பல்கூட வரவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: அது இல்லை.

இருப்பவை எங்கே இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1873-ல், ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும்படி அரசுக்கு ஆலோசனை சொன்னார். அந்தச் சொல் மதிக்கப்பட்டதால் மிஞ்சிய காட்டில்தான் தேவாங்கும் தவளையும் பிழைத்தன. அதன் கீழ்விளிம்பு நம் தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஆனால் ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. தீவின் தவளை இனங்களில் பத்துக்கும் மேற்பட்டவை அழிந்த பட்டியலிலேயே இருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிதிலும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தில் கம்பிச் சுருக்கு இறுகிய நிலையில் மீட்கப்பட்டு, சில நாட்களில் செத்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்கு எந்தக் கழுத்து என்று பார்த்து இறுகுவதில்லை. விறகுக்கோ புல்லுக்கோ காட்டோரம் போகும்போது அப்படியொரு கம்பியைக் கண்டால் கடந்து போய்விடாதீர்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அன்றைக்கே சொல்லுங்கள்.