மரத்தடி நினைவிடமும் அதைக் காக்கும் கரங்களும்

ஒருவர் உயிர் நீத்த இடத்தில் கல் நட்டுப் பெயர் பொறித்துப் பூச்சூட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஊர் எல்லையில் நிற்கும் நடுகற்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அக்கற்களுள் பல இன்று புதர் மண்டிக் கிடப்பதையும், சில வீட்டுப் படிக்கற்களாகிவிட்டதையும் காண்கிறோம். கல்லை நட ஒரு நாள் போதும். அதைக் காக்க ஆண்டுதோறும் ஆளும் பொருளும் வேண்டும். அந்த ஆளையும் பொருளையும் ஓர் ஊரோ அரசோ தரவில்லையெனில் யார் தருவது? இந்த வினாவிற்கு இலண்டன் மாநகரின் தென்மேற்குப் பகுதியில், ஒரு சாலை வளைவில், இசை ரசிகர்கள் சிலர் கண்ட விடையை இவ்விதழில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பாடகரின் கதை

இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் இங்கிலாந்தின் இளைஞர்களைக் கட்டிப்போட்ட பாடகர்களுள் ஒருவர் மார்க் போலன். 1947 செப்டம்பர் 30 அன்று இலண்டனின் ஹாக்னி பகுதியில் பிறந்த அவருடைய இயற்பெயர் மார்க் ஃபெல்ட். தந்தை லாரி ஓட்டுநர், எளிய குடும்பம். 1967-இல் அவர் தொடங்கிய இசைக்குழு ‘டைரனோசாரஸ் ரெக்ஸ்’ என்ற நீண்ட பெயரைத் தாங்கியிருந்தது. 1970-இல் அப்பெயர் ‘டி. ரெக்ஸ்’ எனச் சுருங்கியது. பெயர் சுருங்கியபோது புகழ் பெருகியது. 1971, 1972 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அக்குழுவின் நான்கு பாடல்கள் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. கன்னத்தில் மினுமினுப்புப் பூசி, பளபளக்கும் உடையணிந்து அவர் மேடையேறிய கோலமே ‘கிளாம் ராக்’ என்னும் இசைப்பாணிக்குத் தோற்றுவாயாக அமைந்தது என்பர்.

புகழ் ஏறியதைப் போலவே இறங்கவும் செய்தது. ஆயினும் 1977-இல் அவர் மீண்டும் எழத் தொடங்கியிருந்தார். தொலைக்காட்சியில் அவரே தொகுத்து வழங்கும் நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பாகி வந்தது. அதன் நிறைவுப் பகுதியில் நண்பர் டேவிட் போவியுடன் சேர்ந்து பாடினார். அப்பகுதி ஒளிபரப்பானபோது அதைக் காண மார்க் போலன் உயிருடன் இல்லை.

1977 செப்டம்பர் 16, விடியற்காலை. நகரின் மையப் பகுதியில் இரவு விருந்தை முடித்துக்கொண்டு, தம் வாழ்க்கைத் துணைவியும் பாடகியுமான குளோரியா ஜோன்ஸ் ஓட்டிவந்த சிறிய ‘மினி’ காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் போலன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. பார்ன்ஸ் பகுதியில் குவீன்ஸ் ரைட் சாலையில், இருப்புப்பாதைக்கு மேலுள்ள முதுகெழும்பிய சிறு பாலத்தைக் கடந்தவுடன் கார் நிலைதவறிச் சாலையோர வேலியிலும் ஒரு சிகமோர் மரத்திலும் மோதியது. போலன் அங்கேயே இறந்தார். முப்பதாம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்கள் எஞ்சியிருந்தன. குளோரியா படுகாயங்களுடன் உயிர் பிழைத்தார். அவர்களுடைய மகன் ரோலனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

மரமே கோயிலானது

இறுதிச் சடங்கு கோல்டர்ஸ் கிரீன் எரிமேடையில் நடைபெற்றது. எனினும் ரசிகர்களின் கால்கள் அங்கு செல்வதை விடவும் விபத்து நிகழ்ந்த மரத்தை நோக்கியே மிகுதியாக நடந்தன. பூங்கொத்துகள், கைப்பட எழுதிய மடல்கள், நிழற்படங்கள், வண்ண நாடாக்கள் எனக் காணிக்கைகள் அம்மரத்தடியில் குவிந்தன. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 16 அன்று அங்கே ஒன்றுகூடுவது வழக்கமாயிற்று. எவரும் திட்டமிடாமல், எவரும் அனுமதி கேளாமல், சாலையோர மரம் ஒன்று நினைவிடமாகிவிட்டது.

இத்தகைய இடங்களுக்கு ஒரு பொதுவான இடர்ப்பாடு உண்டு. அன்பு செலுத்துவோர் ஆயிரக்கணக்கில் இருப்பர். பொறுப்பேற்பவர் ஒருவரும் இரார். பூக்கள் வாடும், அவற்றை அகற்றுவது யார்? மழையில் கரைமேடு வழுக்கும்; ஏறி வருபவர் தவறி விழுந்தால் பொறுப்பு யாருடையது? எல்லாவற்றிற்கும் மேலாக மரமும் ஓர் உயிர். அதற்கும் நோய் வரும், முதுமை வரும். வாகனங்கள் விரையும் சாலையோரத்தில் ஒரு மரம் ஆபத்தானது எனக் கருதப்பட்டால் அதை வெட்டுவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும். ரசிகர்களின் கண்ணீருக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. நிலத்தின்மீது உரிமையும், பராமரிக்கும் கடமையும் யாருக்கு எனக் கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு பெயர் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மரத்திற்கு அப்படியொரு பெயர் இல்லை.

முதல் நிலையான அடையாளம் 1997-இல் வந்தது. இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகையைத் திரட்டி வழங்கும் அமைப்பான பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி, இருபதாம் நினைவாண்டையொட்டி அங்கே நினைவுக்கல் ஒன்றை நிறுவியது. அதைத் திறந்துவைத்தவர், தந்தையின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வயதுக்கு முன்பே அவரை இழந்த ரோலன் போலன். கல் வந்தது, ஆனால் கல்லைச் சுற்றியுள்ள நிலத்திற்கும் மரத்திற்கும் பொறுப்பாளர் அப்போதும் இல்லை.

பொறுப்பேற்ற ரசிகர்கள்

1999-இல் ரசிகர்கள் சிலர் ஒன்றுகூடி ‘டி-ரெக்ஸ் ஆக்‌ஷன் குரூப்’ என்ற பெயரில், இலாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். மரத்தையும் இடத்தையும் பராமரிப்பதே அதன் நோக்கம். அவர்கள் செய்த காரியங்களுள் நாம் முதன்மையாகக் கருதுவது, அந்நிலத்திற்குக் காலவரையற்ற குத்தகை உரிமையைப் பெற்றதுதான். அன்றுமுதல் அந்த இடத்திற்குச் சட்டப்படி பொறுப்பான அமைப்பு ஒன்று உண்டு. மரத்தைப் பற்றி யாரேனும் வினவினால் விடையளிக்க ஒரு முகவரி உண்டு. பூச்செண்டுடன் வந்தவர்கள் ஆவணத்துடனும் வந்தார்கள் என்பதே இக்கதையின் திருப்பம்.

உரிமை கிடைத்ததும் பணிகள் ஒவ்வொன்றாக நடந்தேறின. கரைமேட்டில் ஏறுவதற்குப் படிகள் அமைக்கப்பட்டன. அடுத்து, போலனின் மார்பளவு வெண்கலச் சிலை உருவானது. கனடாவைச் சேர்ந்த சிற்பி ழான் ரொபில்லார் வடித்த அச்சிலையை, 2002-இல் இருபத்தைந்தாம் நினைவாண்டில், மீண்டும் ரோலனே திறந்துவைத்தார். தந்தை மறைந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகன் தந்தையின் வெண்கல முகத்தை எதிர்கொண்ட அந்தக் கணத்தை நாம் கற்பனை செய்துபார்க்கலாம்.

அதன்பின் அவர்கள் செய்த செயல் நம் மனத்தை மிகவும் தொட்டது. நினைவிடம் போலன் ஒருவருக்கே உரியதாக இருக்கவில்லை. ஸ்டீவ் பெரிகிரின் டுக், ஸ்டீவ் கரி, மிக்கி ஃபின், டினோ டைன்ஸ் ஆகிய மறைந்த குழுக் கலைஞர்களுக்கும், போலனின் மனைவியாக இருந்து அவருடைய தொடக்கக் காலத்தில் துணைநின்ற ஜூன் போலனுக்கும் அங்கே நினைவுப் பட்டயங்கள் பதிக்கப்பட்டன. இவர்களுள் ஸ்டீவ் கரியும் 1981-இல் போர்ச்சுகல் நாட்டில் கார் விபத்தில் உயிரிழந்தவர். மேடையின் நடுவில் நின்றவரை உலகம் தானாகவே நினைவில் கொள்ளும். பக்கத்தில் நின்று வாசித்தவர்களை யாரேனும் முயன்று நினைவில் கொள்ள வேண்டும். அம்முயற்சியை ரசிகர்கள் தம் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டனர்.

2007-இல் இங்கிலாந்தின் சுற்றுலா அமைப்பு, ராக் இசை வரலாற்றில் முக்கியத்துவம் வாய்ந்த இடங்களைத் தொகுத்து வெளியிட்ட வழிகாட்டியில் இந்த மரத்தடியும் இடம்பெற்றது. 2020-இல் ‘டி. ரெக்ஸ்’ குழு அமெரிக்காவின் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ பெருமன்றத்தில் சேர்க்கப்பட்டது. விருதுகளும் அங்கீகாரங்களும் வந்தன. ஆனால் உதிர்ந்த இலைகளைப் பெருக்கவும் படியில் படிந்த பாசியைச் சுரண்டவும் விருதுகள் வருவதில்லை. அவ்வேலைக்குத் தன்னார்வலர்கள்தாம் வர வேண்டும்.

தொடர்செலவு என்னும் சோதனை

வங்கி வாடிக்கையாளர்களாகிய நம் வாசகர்களுக்கு இக்கதையின் பொருளாதாரப் பக்கம் எளிதில் புலப்படும். நினைவிடம் ஒன்றின் செலவுகள் இரு வகைப்பட்டவை. சிலை வடித்தல், படி கட்டுதல் போன்றவை ஒருமுறைச் செலவுகள். இவற்றிற்கு நன்கொடை திரட்டுதல் ஒப்பீட்டளவில் எளிது. திறப்பு விழா உண்டு, நிழற்படம் உண்டு, கொடுத்தவர் மனநிறைவுடன் சுட்டிக்காட்ட ஒரு பொருள் உண்டு.

மற்றொன்று தொடர்செலவு. மர வல்லுநரைக் கொண்டு அவ்வப்போது மரத்தைச் சோதித்தல், பட்ட கிளைகளை நீக்குதல், புதர்களை அகற்றுதல், படிகளைச் செப்பனிடுதல், வருவோர்க்கு விபத்து நேரின் ஈடுசெய்வதற்கான காப்பீடு ஆகியன ஆண்டுதோறும் வந்துகொண்டேயிருக்கும். இவற்றிற்குத் திறப்பு விழா இல்லை. ‘சென்ற ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் இடம் தூய்மையாக இருக்கிறது’ என்பது செய்தியாவதில்லை. ஆனால் நினைவிடத்தின் ஆயுள் இந்த இரண்டாம் வகைச் செலவைத்தான் சார்ந்திருக்கிறது. இன்னொரு கவலையும் உண்டு. 1971-இல் பதினைந்து வயதில் அப்பாடல்களைக் கேட்டு மயங்கியவர்களுக்கு இன்று எழுபதை எட்டும் பருவம். அவர்கள் ஓயும் நாளில் துடைப்பத்தையும் கணக்கேட்டையும் வாங்கிக்கொள்ளும் கைகள் வேண்டும். அமைப்பு என்பது ஓர் ஆளின் ஆயுளைக் கடந்தும் கடமை தொடர்வதற்காகக் கண்டறியப்பட்ட வழியே அன்றோ?

நமக்கு உரிய பாடம்

நம் நாட்டிலும் ஊர்தோறும் இத்தகைய இடங்கள் உள்ளன. மறைந்த கலைஞரின் இல்லம், புலவரின் சமாதி, ஊர்ப் பெரியவர் நட்ட ஆலமரம், பழைய பள்ளிக்கூடத்தின் நூலக அறை என நம் வாசகர்கள் பலர் ஏதேனும் ஒன்றைக் காக்க நண்பர்களுடன் கைகோத்திருக்கலாம். அவர்களுக்குப் பயன்படும் எனக் கருதிச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

முதலாவது, நிலம் யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல். உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதலோ குத்தகையோ இன்றிச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பிறர் நிலத்தில் விதைத்த விதைக்கு ஒப்பாகும்.

இரண்டாவது, குழுவைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்தல். தனியொருவர் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் பொதுப்பணத்தைப் பெறுவது, அவர் எத்துணை நேர்மையாளராயினும், பின்னாளில் ஐயத்திற்கும் வாரிசுச் சிக்கலுக்கும் இடமளிக்கும். அமைப்பின் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவரேனும் கூட்டாகக் கையொப்பமிட்டு இயக்கும் முறையை வைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது, வருவதையெல்லாம் செலவிட்டுவிடாமல் ஒரு பகுதியை மூலநிதியாக வைப்புத்தொகையில் இட்டு, அதன் வட்டியைத் தொடர்செலவுக்கு ஒதுக்குதல். நன்கொடை வற்றும் ஆண்டிலும் இடம் பொலிவிழக்காமல் இருக்க இதுவே வழி.

நான்காவது, வரவு செலவைப் பட்டயக் கணக்காளரைக் கொண்டு தணிக்கை செய்து, கொடுத்தவர் அனைவரும் காணுமாறு ஆண்டுதோறும் வெளியிடுதல். நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

வரிச்சலுகை குறித்தும் ஒரு சொல். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-ஜி பிரிவு, அதற்கெனத் தகுதிச் சான்று பெற்ற அமைப்புகளுக்கு வழங்கும் நன்கொடைகளுக்கே சலுகை அளித்தது. அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகைக்கு அச்சலுகை கிட்டியதில்லை. ஆகவே காசோலை வழியாகவோ மின்னணுப் பரிமாற்றம் வழியாகவோ செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுவதே கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நன்மை. நடப்பு விதிகளைத் தம் வரி ஆலோசகரிடம் கேட்டறிந்து செயல்படுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். வெளிநாட்டினரிடமிருந்து நிதி பெற விரும்பும் அமைப்புகள் அதற்குரிய மத்திய அரசின் அனுமதியை முன்னரே பெற்றிருத்தல் கட்டாயம் என்பதையும் மறத்தல் கூடாது.

மீண்டும் அந்த மரத்தடிக்கே வருவோம். அங்கு வரும் ரசிகர் ஒருவர் நாடா ஒன்றைக் கிளையில் கட்டிவிட்டுச் சில நிமிடங்கள் நின்று திரும்புகிறார். அவர் ஏறிவந்த படி உறுதியாக இருந்தது என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். தலைக்கு மேலிருந்த பட்ட கிளை முன்னரே அகற்றப்பட்டுவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திராது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. மனத்திலுள்ளதைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் இருந்தது, அது போதும். அந்த இடம் அடுத்த செப்டம்பரிலும் அங்கேயே இருக்க, பெயர் வெளியே தெரியாத சிலர் தம் ஓய்வுநாளில் இலைகளைப் பெருக்குகிறார்கள், கணக்கெழுதுகிறார்கள்.

நம் ஊரில் நாம் அவ்வாறு காக்க விரும்பும் இடம் எது? அதைக் காக்க இன்று நம்மிடம் உள்ள நேரமும் பொருளும் எவ்வளவு? குடும்ப வரவு செலவைத் திட்டமிடும் வேளையில் இவ்விரு வினாக்களுக்கும் ஒரு வரி ஒதுக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.