திறன்பேசிக்கு உறை தேவையா? செஞ்சிக் கோட்டைப் படியில் எழுந்த ஒரு வினா

'உறை' என்னும் சொல் தமிழில் பல பொருள் குறித்து வழங்குவது. வாளை இடும் கூடு உறை. தலையணைக்கு இடும் துணி உறை. மடலை இட்டு அனுப்பும் தாளும் உறையே. பாலைத் தயிராக்க ஊற்றும் சிறிதளவு மோரையும் நம் இல்லத்துப் பெண்டிர் உறை என்பர். வினைச்சொல்லாய் நிற்குங்கால் அதுவே தங்குதலையும் இறுகுதலையும் குறிக்கும். இவை யாவும் ஒரே வேரில் கிளைத்தவை என்று வாதிட யாம் முன்வரவில்லை. அது மொழியியலார் பணி. அண்மையில் செஞ்சிக் கோட்டையில் நேர்ந்த ஒரு சிறு விபத்தும், அதனையொட்டி மாணாக்கரிடையே எழுந்த வழக்குமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எம் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு இராசகிரி மலை ஏறினோம். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்த எமக்கு அம்மலை புதிதன்று. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்கும் அக்கோட்டை, 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் எம் மாணவர்க்கும் அதன்மீது ஒரு தனி ஆர்வம். ஒவ்வொருவர் கையிலும் திறன்பேசி. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு படம்.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். கருங்கல் கொதிக்கத் தொடங்கியிருந்தது. தொடர்ந்து காணொளி எடுத்து வந்த ஒரு மாணவனின் பேசி, சூடு மிகுந்துவிட்டதாகவும் சற்று ஆறவிட வேண்டும் என்றும் திரையில் அறிவித்தது. புத்தக அட்டைபோல் மூடித் திறக்கும் தடித்த உறை அதற்கு இடப்பட்டிருந்தது. அவன் அவ்வுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பத்துப் படி ஏறுவதற்குள் வியர்த்த கையிலிருந்து பேசி நழுவியது. படியின் விளிம்பில் அதன் மூலை மோதிற்று. எடுத்துப் பார்த்தபோது திரை முழுதும் சிலந்தி வலை.

இறங்கும் வழியெல்லாம் வழக்காடல்தான். 'உறையைக் கழற்றியதால் அன்றோ உடைந்தது' என்றது ஒரு கட்சி. 'அந்த உறைதானே ஐயா சூட்டை ஏற்றியது? அது முதற்கண் இல்லாதிருந்தால் இவன் கழற்றவும் வேண்டா, கை மாற்றவும் வேண்டா' என்றது மற்றொரு கட்சி. தீர்ப்பு எம்மிடம் வந்தது. தமிழாசிரியனிடம் வரத்தக்க வழக்கா இது என்று நகைத்துக் கடந்துவிட எம்மால் இயலவில்லை. அப்பேசி, அவன் தாயார் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் பெற்று வாங்கித் தந்தது. தவணை இன்னும் முடியவில்லை. திரையை மாற்றக் கடைக்காரர் கேட்ட தொகை, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நான்கு நாளே எஞ்சியிருந்தன. எண் அட்டையைப் பிறிதொரு பேசியில் இட்டுக்கொள்ளலாமே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அவன் சான்றிதழ்ப் படிகள் எல்லாம் உடைந்த பேசிக்குள் அல்லவா இருந்தன! 2020இல் பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்ட நாள்முதல், ஏழை மாணவனுக்கு இக்கருவி வகுப்பறையும் அலுவலகமும் ஆகிவிட்டது. ஆகவே இவ்வழக்கைச் சற்று ஆராய்ந்தோம்.

முதற்கண் கண்ணாடியை நோக்குவோம். இன்றைய திறன்பேசிகளின் திரைக்கண்ணாடி, சாளரக் கண்ணாடி போன்றதன்று. உருகிய பொட்டாசியம் உப்புக் குளியலில் ஏறத்தாழ 400 பாகை வெப்பத்தில் அதனை மூழ்குவிப்பர். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிறிய சோடிய அயனிகள் வெளியேற, அவ்விடங்களில் பெரிய பொட்டாசிய அயனிகள் புகுந்து நெருக்கியடித்து அமர்கின்றன. நான்கு பேர் அமரும் பலகையில் ஐந்து பேர் அமர்ந்தாற்போன்ற இறுக்கம் அது. அவ்விறுக்கமே கண்ணாடிக்கு வலிமை. விரிசல் ஒன்று தோன்ற வேண்டுமாயின் முதலில் அந்நெருக்கத்தை வென்றாக வேண்டும்.

எனினும் அஃது கண்ணாடியே. அதனினும் கடியது மணலிலும் கருங்கல்லிலும் கலந்துள்ள குவார்ட்சு என்னும் கனிமம். கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்சு 7. இவ்வகைக் கண்ணாடி அதற்குச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். சட்டைப்பையில் சாவியோடு கிடந்து கீறாத திரை, சிறிது மணலால் கீறப்படுவது இதனாலேயே. செஞ்சிப் படிகளோ முழுதும் கருங்கல். அதன் சொரசொரப்பான முனை ஒன்று, மோதலின் வலு முழுவதையும் ஊசிமுனை போன்ற ஒரே இடத்தில் செலுத்திவிடுகிறது.

அவ்வலு எவ்வளவு? 200 கிராம் எடையுள்ள பேசி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் விரைவு மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அவ்விரைவு ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுவதாகக் கொண்டால், பேசி தாங்கும் விசை சராசரியாக 200 கிலோ பாரத்துக்கு நிகராகும். மென்மையான உறை ஒன்று நசுங்கிக்கொடுத்து அத்தொலைவை மூன்று மில்லிமீட்டர் ஆக்குமேயானால், விசையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உறை செய்யும் பணி இவ்வளவே. அது பேசியை வலிமையாக்குவதில்லை. நிற்பதற்குச் சிறிது இடம் தருகிறது. நெல்மூட்டையை வண்டியிலிருந்து வைக்கோற் போரின்மேல் தள்ளும் உழவர்க்கு இக்கணக்கைக் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி மறுகட்சியின் வாதம். அதுவும் பொய்யன்று. கணினியில் இருப்பதுபோல் திறன்பேசிக்குள் விசிறி கிடையாது. உள்ளே எழும் வெப்பம் அதன் முதுகு வழியாகவும் விளிம்பு வழியாகவும் காற்றில் கலந்தே தணிய வேண்டும். தடித்த உறை, குறிப்பாகத் தோலாலும் தடித்த ரப்பராலும் ஆன உறை, கோடையில் போர்த்திய கம்பளியாகிவிடுகிறது. இக்கருவிகளிலுள்ள லித்தியம் மின்கலம் வெப்பத்தால் விரைந்து மூப்படைவது. ஆப்பிள் நிறுவனம் தன் பேசிகளைப் பயன்படுத்தற்குரிய சூழல் வெப்பத்தை 35 பாகை வரை என்றே வரையறுத்துள்ளது; மின்னேற்றும்போது பேசி சூடானால் உறையைக் கழற்றிவிடுக என்றும் அதுவே அறிவுறுத்துகிறது. கத்திரி வெயிலில் நம் ஊர் நிழலிலேயே அவ்வரம்பைத் தாண்டிவிடுவது நாம் அறிந்ததே. யாமும் ஒரு மே மாதத்தில் எம் பேசியைத் தோலுறையோடு சாளரத்தின் மேல் வைத்து மின்னேற்றி வந்தோம். சில வாரங்களில் அதன் முதுகு புடைத்தது. கலம் வீங்கியிருக்கிறது, இனி இதைத் தொடாதீர்கள் என்றார் பழுதுபார்ப்பவர். முழுக் குற்றமும் உறையினது என்று கூறோம். வெயிலுக்கும் எம் கவனக்குறைவுக்கும் அதில் பங்குண்டு.

உறையால் பேசிக்கு நன்மையே விளைந்த வரலாறும் ஒன்றுண்டு. 2010இல் வெளிவந்த ஐஃபோன் 4 என்னும் பேசியில் அலைவாங்கி, வெளிச்சட்டத்திலேயே அமைந்திருந்தது. அதன் ஒரு குறிப்பிட்ட மூலையை விரல் தொட்டால் அலைவரிசை குன்றியது. குறை பெரிதாகப் பேசப்படவே, அந்நிறுவனம் அப்பேசியை வாங்கியவர்களுக்கு இலவசமாகவே உறை வழங்க நேர்ந்தது. அழகிய வடிவமைப்பை மறைப்பானேன் என்று உறையைப் பழிப்போர் இதனையும் நினைவிற்கொள்க.

இவ்விரு கட்சியையும் ஒருங்கே நோக்குங்கால், திருக்குறளில் 'அரண்' என்னும் 75ஆம் அதிகாரம் எமக்குத் துணை நின்றது. அரண் என்பது பகைவர் கொள்ளுதற்கு அரியதாதல் மட்டும் போதாது. அகத்தே இருப்போர் நிலைத்து வாழ்வதற்கு எளியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. மதிலுக்கு இரு முகம் உண்டு. புறமுகத்தை மட்டுமே நோக்கிக் கட்டியவன் உள்ளிருப்பவனைச் சிறையிட்டவனாவான்.

செஞ்சியைக் கட்டியவர்கள் இதனை அறிந்திருந்தனர். மதிலும் அகழியும் எத்துணைப் பெரியனவோ, அத்துணைப் பெரியன அதன் குளங்களும் நெற்களஞ்சியமும். அதனாற்றான் 1690 அளவில் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை அக்கோட்டை பல்லாண்டு தாங்கிற்று. 1698 சனவரியில் அது வீழ்ந்தபோது, மராத்திய மன்னர் இராசாராம் முன்னமே வெளியேறியிருந்தார். வெளியேறவும் ஒரு வழி இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அதே மதில்கள் நிற்க, 1750இல் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஓர் இரவில் கோட்டையைக் கைப்பற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது வேறொரு கதை.

நம் முன்னோர் செய்த உறைகள் பலவும் இவ்விரு முகமும் உடையன. கீழடியில் வெளிப்பட்ட உறைகிணறுகளைக் காண்க. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியமையால் மண் சரிந்து கிணறு தூர்வதில்லை. அடியில் ஊற்று நீர் சுரந்து வரத் தடையுமில்லை. ஓலைச்சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம் இட்டுக் கயிற்றால் கட்டினர். ஆயின் அவ்வப்போது அவிழ்த்து, எண்ணெய் தடவிக் காற்றாட விட்டனர். கட்டிய கட்டு அவிழாமல் பரணிற் கிடந்த சுவடிகள் செல்லரித்துப் போனமை கண்டு உ.வே. சாமிநாதையர் உள்ளம் வருந்தியது நாமறிந்த வரலாறு. எம் இல்லத்தில் திருக்குர்ஆன் பட்டுத்துணி உறையில் உயரமான மாடத்தில் இருக்கும். எம் பாட்டியார் வைகறைத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் அவ்வுறையை அவிழ்ப்பார். அதன் நாடா இற்று இற்று, ஆண்டுக்கொரு முறை புது நாடா தைக்கப்படும். உறை தேயும், ஏடு தேயாது பாதுகாக்கப்படும்.

ஆகவே மாணவர்க்கு யாம் கூறிய தீர்ப்பு இது. உறை இடுக. ஆண்டுதோறும் பேசி மாற்றும் செல்வர் இடினும் இடாதொழியினும் அவர் விருப்பம். தவணையில் வாங்கியவனுக்கு அவ்வுரிமை இல்லை. ஆனால் கடைத்தெருவில் தொங்கும் உறைகளுள் மின்னுவதைப் பாராது, நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்த்து வாங்குக. மூலையில் சற்றே தடித்து, திரையின் விளிம்பைவிட மயிரிழை உயர்ந்து, முதுகில் மெலிந்திருக்கும் பேக் கவரே ஏற்றது. கவிழ்ந்து விழுந்தாலும் திரை தரையைத் தொடாது. ஒளிபுகும் உறை வெயில் பட்டு மஞ்சளாவது இயல்பு, அதனால் கேடொன்றுமில்லை. உலோக உறை அலைகளைத் தடுக்கும். காந்தம் பதித்த உறை திசைகாட்டியைப் பிழைபடச் செய்யும். இதயத்துடிப்பு முடுக்கி பொருத்திக்கொண்ட பெரியவர்கள் அத்தகைய பேசியை மார்புப் பையில் வைத்தலாகாது. வாரம் ஒரு முறை உறையைக் கழற்றி உட்புறம் துடைக்க வேண்டும். இடையே புகுந்த மணல், காக்க வந்த உறையையே அரமாக்கிவிடும். மின்னேற்றும்போது கழற்றி வைத்துவிடுக. மலையேறும்போது சூடு மிகுந்தால் கழற்ற வேண்டுவது உறையை அன்று; காணொளியை நிறுத்திப் பேசியை நிழலில் வைத்து ஆறவிடுக. அம்மாணவன் தவறியது அவ்விடத்தில்தான்.

திரை மாற்றும் செலவில் துறை ஆசிரியர்கள் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொண்டோம். விண்ணப்பம் கடைசி நாள் மாலையில் சென்று சேர்ந்தது. தீர்ப்பும் வீண்போகவில்லை. கல்லூரி நூலகத்தில் மின்னேற்றும் பலகையருகே இப்பொழுது கழற்றி வைத்த உறைகள் நாளும் நான்கைந்து கிடக்கின்றன. எவருடையது எது என்று தெரியாமல் மாறிப்போவதாகவும், மாலையில் அவற்றை உரியவரிடம் சேர்ப்பது தம் பணியாகிவிட்டது என்றும் நூலகர் எம்மிடம் முறையிட்டுள்ளார்.