சித்திரை வெயிலும் மின்பட்டியலும்

ஆண்டுதோறும் ஏப்பிரல் 5ஆம் திகதியளவில் தெற்கே தொடங்கி, 15ஆம் திகதியளவில் வடக்கே பருத்தித்துறையைக் கடக்கும்வரை, ஞாயிறு இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது வாடை ஓய்ந்திருக்கும், சோழகம் பிறந்திராது. இலையும் அசையாத அந்த இடைக்காலத்தில் மின்விசிறிகள் இரவு பகலாகச் சுழல்கின்றன. வெக்கையின் துன்பம் சற்றே மறக்கப்படும் வேளையில் மின்பட்டியல் வீடு வந்து சேருகிறது. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஒன்பது ஆண்டுகளின் பின்னர், கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டபோது அப்பட்டியலின் பாரம் எத்தகையது என்பதைப் பல குடும்பங்கள் நன்கு உணர்ந்தன.

வெயில் கூடிய அளவுக்கே செலவும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. வீட்டுக்குரிய மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதமொன்றில் 60 அலகுக்குள் அடங்கும் வீட்டுக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டிவிட்டால், மேலதிகமான அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் 60 அலகுகளுக்குமே வேறு விலை. ஆதலால் 61ஆவது அலகு, அந்த ஓர் அலகின் பெறுமதியைவிடப் பன்மடங்கு செலவை இழுத்து வருகிறது.

1,000 வாற்று கொள்ளும் கருவி ஒன்று 1 மணித்தியாலம் வேலை செய்தால் மின்மானி 1 அலகு காட்டும். பழைய வகைக் கூரைவிசிறி ஏறக்குறைய 75 வாற்று கொள்வது. இரண்டு விசிறிகள் நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு 18 அலகு. சித்திரையில் 10 மணித்தியாலம் சுழன்றால் 45 அலகு. சிறிய குளிர்சாதனப் பெட்டி, விளக்குகள், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு 38 அலகு கொள்ளும் வீடொன்றைக் கருதினால், மார்கழியில் 56 அலகோடு நின்ற கணக்கு சித்திரையில் 83ஐ எட்டுகிறது. படி தாண்டியாயிற்று. அவ்விரு விசிறிகளும் 35 வாற்றளவில் இயங்கும் புதிய வகையினவாயின் 21 அலகே செல்லும், மொத்தம் 59. விலை சற்றுக் கூடியதாயினும், பழைய விசிறி பழுதுற்று மாற்ற வேண்டிவரும்போது இதனை நினைவிற் கொள்ளுதல் தகும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். அது உடலின் வியர்வையை உலரச் செய்து ஆளையே குளிர்விக்கிறது. ஆளில்லா அறையிற் சுழலும் விசிறியால் எவருக்கும் பயனில்லை.

இனி, வெப்பம் வீட்டினுள் எவ்வழியாக வருகிறது? உச்சி வெயிற்காலத்திற் பெரும்பங்கு கூரையின் வழியாகவே வருகிறது. கிடுகு வேய்ந்த கொட்டிலில் நண்பகலிற் படுத்தெழுந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஓலை அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுத்தது. கொங்கிறீற்றுத் தட்டு அவ்வாறு செய்வதில்லை. பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, இரவானதும் அதனை மெல்லமெல்லக் கீழே உமிழ்கிறது. வெளியே முற்றம் குளிர்ந்த பின்னரும் இரவு பத்து மணிக்குப் படுக்கையறை கொதிப்பதன் காரணம் இதுவே. பழைய நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் அழகு கருதி மட்டும் அமைந்தவையல்ல. சூடான காற்று மேலெழுந்து வெளியேற அவை வழிவிட்டன. அத்தகைய வீட்டை இன்று எல்லோரும் கட்டிக்கொள்ள இயலாது. எனினும் பங்குனியிலேயே தட்டின் மேற்புறத்துக்கு வெள்ளை பூசிவிடலாம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். தட்டின்மேல் உயரமாகப் பந்தலிட்டுக் கிடுகு பரப்பினால் இன்னும் நன்று. மேற்குச் சுவரில் மாலை வெயில் நேரே படாதவாறு வாழையோ பந்தற் கொடியோ நட்டுக்கொள்ளலாம். வெளிக்காற்று உள்ளறையைவிடச் சூடாயிருக்கும் நண்பகலில் வெயில் விழும் பக்கத்துச் சன்னல்களை மூடி, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுதல் முறை. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதன்று. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறத்தால் வெளியே தள்ளுவது. அதனைச் சுவரோடு ஒட்டியோ அடுப்பின் அருகிலோ வைத்தால் தள்ளிய வெப்பம் அகலாமல் இயந்திரம் ஓயாது உழைக்கும். ஆறாத குழம்பை உள்ளே வைப்பதும் அத்தகையதே. குடிநீருக்காகவே கதவு அடிக்கடி திறக்கப்படுகிறது. அதற்கு மண்பானை போதும். பானையின் நுண்துளைகளிற் கசிந்த நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீரின் வெப்பத்தையும் கொண்டுசெல்கிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் உலர்ந்த கச்சான் வீசும் நாள்களில் பானை நீர் தனிச் சுவை பெறும்.

மின்னழுத்தியைப் பற்றி ஒன்று கூறினாற் போதும். அது ஒரு மணித்தியாலத்தில் உண்ணும் 1 அலகு, 9 வாற்று மின்குமிழ் ஒன்றை நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரிக்கவல்லது. நாள்தோறும் ஒரு சட்டைக்காக அதனைச் சூடேற்றுவதிலும், கிழமைக்கொருமுறை எல்லா உடைகளையும் சேர்த்து அழுத்துவது சிக்கனம். வளிச்சீராக்கி உள்ள வீட்டார் அதனை 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால், உடலுக்கு வேண்டிய குளிர்ச்சி குறைவதில்லை.

இவற்றையெல்லாம் செய்தும் கணக்குக் குறையவில்லையாயின், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு மின்மானியைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தல் வேண்டும். தட்டுச் சுழன்றால், அல்லது சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எங்கோ மின்சாரம் கசிகிறது. தேர்ந்த மின்வினைஞரை அழைத்தே அதனைப் பார்க்க வேண்டும். கசிவு இல்லையெனின், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மின்மானி காட்டும் எண்ணைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் எழுதிவரலாம். மாதத்தின் பாதி கழிவதற்குள் 30 அலகு கடந்துவிட்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். எஞ்சிய இரண்டு கிழமைகள் அப்போதும் கையிலிருக்கும்.